நிரல் அறியாதவர் கையில் இணையதளம்: ஜெர்மனியின் வார்ப்புரு மென்பொருள்கள் கற்றுத்தரும் செருகுநிரல் வடிவமைப்பு

ஜெர்மனியில் ஒரு நகராட்சியின் குப்பை அகற்றும் நாள் அட்டவணையையும், ஒரு பல்கலைக்கழகத் துறையின் பாடவேளையையும், ஓர் ஊர் நூலகத்தின் வாசிப்புக் கூட்ட அறிவிப்பையும், ஒரு சிறு வணிகரின் விலைப்பட்டியலையும் இணையத்தில் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் நிரல் எழுதத் தெரியாதவர்கள். அலுவலக உதவியாளர், நூலகர், ஆசிரியர், கடை உரிமையாளர் எனப் பல தொழில்களைச் சேர்ந்த இவர்கள், திரையில் தோன்றும் படிவத்தின் கட்டங்களில் செய்தியைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார்கள். தலைப்பு, பட்டியல், படம், தேதி எல்லாம் உரிய இடத்தில் அமைந்த பக்கம் உடனே உருவாகிவிடுகிறது. முன்கூட்டியே வகுத்து வைக்கப்பட்ட பக்க அமைப்பாகிய வார்ப்புருவும், அந்த அமைப்புக்குப் புதிய திறன்களைச் சேர்க்கும் சிறு மென்பொருளாகிய செருகுநிரலும் இந்த எளிமைக்குப் பின்னால் நின்று வேலை செய்கின்றன.

வார்ப்புருவைப் பற்றியும் செருகுநிரலைப் பற்றியும் தனித்தனியே நிறையப் பேசப்படுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தை எப்படி வடிவமைப்பது என்பது குறைவாகவே பேசப்பட்டாலும், நிரல் அறியாத ஒருவர் அச்சமின்றி வேலை செய்ய முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சந்திப்பு இடம்தான். இதை ஆராய ஜெர்மனி பொருத்தமான களம். டைப்போ3, கொன்டாவோ, ஷாப்வேர் என்னும் மூன்று திறந்த மூல மென்பொருள்கள் அங்கே வேரூன்றி வளர்ந்துள்ளன. ஒவ்வொன்றும் இந்தச் சந்திப்புக்கு ஒரு விடை கண்டு, அந்த விடையின் விலையையும் கொடுத்திருக்கிறது.

மூன்று கைகள் சேர்ந்து செய்யும் பக்கம்

ஓர் இணையப் பக்கத்தின் உருவாக்கத்தில் குறைந்தது மூன்று வகையினரின் உழைப்பு கலந்திருக்கிறது. தரவுத்தளத்திலிருந்து செய்திகளை எடுத்துத் தருகிற அடிப்படை மென்பொருளையும் செருகுநிரல்களையும் நிரலாளர் எழுதுகிறார். அந்தச் செய்திகள் பக்கத்தில் எங்கே, எந்த வடிவில் தோன்ற வேண்டும் என்பதை வார்ப்புருவில் வடிவமைப்பாளர் வகுக்கிறார். செய்தியை உள்ளடக்கப் பணியாளர் நிரப்புகிறார். வடிவமைப்பாளருக்கு எச்.டி.எம்.எல். என்னும் பக்கக் குறிமொழி தெரிந்திருக்கலாம், ஆனால் நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளடக்கப் பணியாளருக்கு இரண்டுமே தெரிய வேண்டியதில்லை.

வார்ப்புரு என்பது பெரும்பகுதி நிலையான எழுத்துகளையும், இடையிடையே நிரப்பப்பட வேண்டிய வெற்றிடங்களையும் கொண்ட ஒரு கோப்பு. "இந்த இடத்தில் செய்தியின் தலைப்பு வரட்டும்", "படம் இருந்தால் மட்டும் இந்தப் பகுதியைக் காட்டு", "பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்" என்ற அளவிலான கட்டளைகள் அதில் இருக்கும். இந்தக் கட்டளைகளுக்கு எவ்வளவு ஆற்றல் கொடுப்பது என்பதில் நெடுநாள் விவாதம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் பார் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வார்ப்புருவுக்குள் கணக்கீடும் தரவை மாற்றும் செயலும் நுழையவே கூடாது என்ற கண்டிப்பான நிலையை முன்வைத்தது. வார்ப்புரு காட்டுவதோடு நிற்க வேண்டும், முடிவெடுக்கும் வேலை நிரலுக்குரியது என்ற இந்தப் பிரிவினை காக்கப்படும்போதுதான், வடிவமைப்பாளர் தம் கோப்பைத் திருத்தும்போது தளத்தின் உள்ளியக்கம் எதையும் உடைத்துவிட மாட்டார் என்ற உறுதி கிடைக்கிறது.

நடைமுறையில் தேவைகள் இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. ஒரு நகராட்சிக்கு நிகழ்ச்சி நாட்காட்டி வேண்டும், ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வாளர்களின் வெளியீட்டுப் பட்டியல் வேண்டும், ஒரு கடைக்குத் தவணை முறையில் பணம் செலுத்தும் வழி வேண்டும். இவை அனைத்தையும் அடிப்படை மென்பொருளிலேயே அடைத்தால் அது யாராலும் பராமரிக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். எதையும் சேர்க்க இடம் தராவிட்டால் யாருக்கும் பயன்படாது. இந்த இக்கட்டிலிருந்து விடுபடும் வழியாகவே செருகுநிரல் பிறந்தது.

டேனிஷ்காரரின் மென்பொருள், ஜெர்மனியின் சமூகம்

டைப்போ3-ஐ உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த காஸ்பர் ஸ்கோர்ஹோய். 1997-இல் அவர் தொடங்கிய பணி, 2000-ஆம் ஆண்டில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அதன் பயனாளர்களும் பங்களிப்பாளர்களும் மிகுதியாகத் திரண்ட இடம் ஜெர்மன் மொழி பேசும் நாடுகள். இன்று டி3என் என்ற பெயரில் ஜெர்மனியில் வெளிவரும் தொழில்நுட்ப இதழ், 2005-இல் ஹனோவரில் தொடங்கியபோது டைப்போ3 பயனாளர்களுக்கான இதழாகவே இருந்தது. வணிக ஆதரவு வழங்குவதற்கான டைப்போ3 நிறுவனம் 2016-இல் டுசல்டோர்ஃப் நகரில் அமைந்தது. ஜெர்மனியின் கூட்டாட்சி அரசு அலுவலகங்களுக்கான பொது இணையதளக் கட்டமைப்பும் தன் 11-ஆம் பதிப்பில் டைப்போ3-ஐயே அடித்தளமாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் பரவலுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, 2000-களின் தொடக்கத்தில் வந்த 3.5-ஆம் பதிப்பு அறிமுகப்படுத்திய செருகுநிரல் மேலாளர். அதற்கு முன்பு தளத்தில் ஒரு வசதியைச் சேர்ப்பதென்றால் நிரலாளர் மூலநிரலைத் திறந்து திருத்த வேண்டியிருந்தது; அடுத்த பதிப்பு வரும்போது அந்தத் திருத்தங்கள் அழிந்துபோகும். மேலாளர் வந்தபின், உலகின் எந்த மூலையிலும் எழுதப்பட்ட செருகுநிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நிர்வாகத் திரையின் வழியாகவே இறக்கி நிறுவ முடிந்தது. ஒவ்வொரு செருகுநிரலுக்கும் வேறெதனோடும் மோதாத தனிப்பெயர் பதிவு செய்யப்பட்டது. தான் எந்தப் பதிப்போடு இயங்கும், வேறு எந்தச் செருகுநிரல்களைச் சார்ந்திருக்கிறது, சோதனை நிலையில் உள்ளதா, உறுதியானதா என்ற விவரங்களை ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்புக் கோப்பில் சொல்ல வேண்டியிருந்தது.

எளிமையாகத் தோன்றும் இந்த அறிவிப்புக் கோப்புக்கு நல்ல செருகுநிரல் முறையில் அடிப்படையான இடம் உண்டு. நிரலைப் படிக்கத் தெரியாத ஒருவர், ஒரு செருகுநிரல் தம் தளத்துக்குப் பொருந்துமா என்பதை நிரலைப் பார்த்து அறிய முடியாது. அதை அவருக்காக இயந்திரம் படித்துச் சொல்ல வேண்டும். பொருந்தாதது நிறுவப்படும் முன்பே தடுக்கப்படுவதும், பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்ட செருகுநிரல் களஞ்சியத்தில் ஆபத்தானதாகக் குறிக்கப்பட்டு அந்த எச்சரிக்கை நிர்வாகத் திரைக்கே வந்து சேர்வதும் இவ்வாறு இயந்திரம் படிக்கும் விவரங்களால்தான் இயலுகிறது.

சுவரை உடைப்பதும் வாயில் வைப்பதும்

ஒரு செருகுநிரல் அடிப்படை மென்பொருளின் நடத்தையை மாற்ற வேண்டுமானால், அதற்கு உள்ளே நுழைய ஒரு வழி தேவை. டைப்போ3-இன் வரலாற்றில் இந்த வழி மூன்று படிகளில் முதிர்ந்தது.

முதற்படியில், அடிப்படை மென்பொருளின் ஒரு முழுப் பகுதியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தன் பகுதியை வைக்கும் உரிமை செருகுநிரலுக்குக் கிடைத்தது. எதை வேண்டுமானாலும் மாற்றும் ஆற்றல் இதில் இருந்தது, ஆனால் ஒரே பகுதியை இரண்டு செருகுநிரல்கள் மாற்ற முயன்றால் ஒன்றுதான் பிழைக்கும். அடிப்படை மென்பொருள் அந்தப் பகுதியை உள்ளுக்குள் சற்றே மாற்றியமைத்தாலும் செருகுநிரல் செயலிழக்கும். இரண்டாம் படியில் கொக்கிகள் வந்தன. செயல் நடைபெறும் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் மென்பொருள் நின்று, "இங்கே யாருக்காவது செய்ய ஏதேனும் உண்டா" என்று பதிவு செய்துகொண்ட செருகுநிரல்களை அழைக்கும் ஏற்பாடு இது. வேர்டுபிரஸ் 2004-இல் தன் 1.2-ஆம் பதிப்பில் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றதும் இதே முறைதான். மூன்றாம் படியில், 2020-இல் நிலைபெற்ற 10-ஆம் பதிப்பிலிருந்து, பி.எச்.பி. மொழி மென்பொருள்கள் பலவும் பொதுவாக ஏற்றுக்கொண்ட நிகழ்வு முறை புகுந்தது. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பெயரும், அதன்வழி என்னென்ன விவரங்கள் தரப்படும், அவற்றுள் எவற்றை மாற்றலாம் என்ற தெளிவான வரையறையும் இதில் உண்டு.

வீடு கட்டி முடித்தபின் மின்கம்பிக்காகச் சுவரை உடைப்பதற்கும், கட்டும்போதே சுவருக்குள் குழாய் பதித்து வாய் விட்டு வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே உள்ளது. வாய் விட்ட இடத்தில் மட்டுமே கம்பி செல்லும் என்பதால் ஆற்றல் குறைகிறது. ஆனால் வீட்டில் இருப்பவர் எந்தச் சுவர் எப்போது சரியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிரல் அறியாத பயனாளரின் தளத்தில் இரண்டு செருகுநிரல்கள் மோதும்போது அதைப் பிரித்தறியும் கருவி அவரிடம் இல்லை என்பதால், மோதலே நேராதபடி திறப்புகளை வகுத்துத் தருவது வடிவமைப்பாளரின் கடமையாகிறது.

வார்ப்புரு மொழியின் கட்டுப்பாடு

நிரல் மட்டத்துத் திறப்புகளைப் போலவே வார்ப்புரு மட்டத்திலும் திறப்புகள் தேவைப்படுகின்றன. ஒரு வரைபடச் செருகுநிரல், வார்ப்புருவை எழுதுபவர் "இங்கே வரைபடம்" என்று ஒரு குறிச்சொல்லை எழுதினாலே வேலை முடியும்படி புதிய சொல் ஒன்றை வார்ப்புரு மொழிக்குத் தர வேண்டும். இத்தகைய சொல்வளத்தை விரிக்கும்போது பாதுகாப்பை விட்டுக்கொடுக்காத முன்மாதிரி ஒன்றை, கோப்லென்ட்ஸ் நகரில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த டோபியாஸ் லுட்கே உருவாக்கினார். 2006-இல் தொடங்கிய ஷாப்பிஃபை கடைத்தளத்துக்காக அவர் வடித்த லிக்விட் என்னும் வார்ப்புரு மொழி, கடை உரிமையாளர்கள் தம் கடையின் தோற்றத்தைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும், அப்படி மாற்றும்போது அதே சர்வரில் உள்ள பிறர் கடைகளுக்குத் தீங்கு நேரக் கூடாது என்ற இரட்டைத் தேவையிலிருந்து பிறந்தது.

லிக்விட் மொழியில் வார்ப்புரு எழுதுபவர் பின்னணி நிரலின் எந்தப் பகுதியையும் நேரடியாக அழைக்க முடியாது. நிரலாளர் வெளிக்காட்டத் தகுந்தவை என்று தேர்ந்து தந்த விவரங்களை மட்டுமே காண முடியும். விலையை நாணய வடிவில் காட்டுவது, தேதியை வடிவமைப்பது போன்ற வடிகட்டிகளாகவும், பக்கத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் குறிச்சொற்களாகவும் மட்டுமே புதிய திறன்கள் சேர்கின்றன. தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் வைப்பதற்கு மாறாக அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைக்கும் இந்த அணுகுமுறையில், எண்ணிப் பாராத ஆபத்துகளும் இயல்பாகவே வெளியில் நின்றுவிடுகின்றன.

டைப்போ3 2009-இல் தன் 4.3-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்ட ஃப்ளூயிட் என்னும் வார்ப்புரு மொழி, செபாஸ்டியன் குர்ஃபூர்ஸ்ட் முன்னின்று உருவாக்கியது. இதில் செருகுநிரல்கள் தம் புதிய குறிச்சொற்களை ஒரு முன்னொட்டுப் பெயருடன் தருகின்றன. வார்ப்புருவின் தொடக்கத்தில் அந்த முன்னொட்டை அறிவித்தபின், எச்.டி.எம்.எல். குறிச்சொற்களைப் போன்ற வடிவிலேயே அவற்றைப் பயன்படுத்தலாம். எச்.டி.எம்.எல். மட்டும் அறிந்த வடிவமைப்பாளருக்கு இந்த ஒற்றுமை பெருந்துணை. மேலும், தரவிலிருந்து வரும் எழுத்துகளில் உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடிய குறிகள் இருந்தால் அவற்றை மொழி தானாகவே செயலற்ற எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. இந்தப் பாதுகாப்பு இயல்பு நிலையில் இயங்குகிறது, அதை நீக்க விரும்புபவர்தான் தனியே எழுதிச் சொல்ல வேண்டும் என்ற வரிசை முக்கியமானது. ஏனெனில் அறியாதவர் எதையும் செய்யாமல் விடும்போது கிடைப்பது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

இந்தக் கவனத்தைக் கைவிடுவதன் விளைவை 2015-இல் ஜேம்ஸ் கெட்டில் என்னும் பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆய்வாளர் விரிவாக எடுத்துக்காட்டினார். பார்வையாளர் தட்டச்சு செய்யும் எழுத்துகள் வார்ப்புருவின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும் இடங்களில், வெளியாள் ஒருவர் சர்வரையே தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதை அவரது ஆய்வு காட்டியது. கொன்டாவோவும் இதன் சிறு வடிவத்தைச் சந்தித்தது. இரட்டை வளைவு அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை எழுதினால் அந்த இடத்தில் நடப்பு ஆண்டோ, வேறொரு பக்கத்தின் இணைப்போ வந்து நிற்கும் 'செருகு குறிச்சொல்' வசதி அந்த மென்பொருளில் உண்டு. நிரல் அறியாதவர் கட்டுரையின் நடுவிலேயே அதை எழுதலாம், செருகுநிரல்கள் புதிய குறிச்சொற்களைச் சேர்க்கலாம். தளத்தின் படிவங்களில் வெளியாள்களும் இந்தக் குறிச்சொற்களைப் புகுத்த வழியிருந்தது 2020-இல் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. பணியாளருக்குத் தரப்பட்ட எளிய ஆற்றல், அவரல்லாதவர் கைக்குச் செல்லும் பாதைகள் அனைத்தும் அடைக்கப்பட்டால்தான் நன்மையாக நிலைக்கும்.

படிவமே பயனாளரின் மொழி

உள்ளடக்கப் பணியாளர் வார்ப்புருவைப் பார்ப்பதில்லை, செருகுநிரலின் நிரலையும் பார்ப்பதில்லை. அவர் காண்பதெல்லாம் படிவம் ஒன்றே. எனவே ஒரு செருகுநிரல் தான் செய்யும் வேலையை மட்டும் எழுதி நிறுத்தாமல், தன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் வரையறுத்துத் தர வேண்டும். டைப்போ3-இல் செருகுநிரல் எழுதுபவர் தமக்குத் தேவையான புலங்களை, "எத்தனை செய்திகள் காட்ட வேண்டும்", "எந்த வகைச் செய்திகள்", "பழையவற்றை மறைக்கலாமா" என்பன போன்ற கேள்விகளாக, ஓர் அறிவிப்புக் கோப்பில் பட்டியலிடுகிறார். திரையில் தோன்றும் படிவத்தை மென்பொருளே வரைந்துகொள்கிறது. இதனால் நூறு செருகுநிரல்கள் நூறு பேரால் எழுதப்பட்டாலும், பணியாளர் காணும் கட்டங்களும் பொத்தான்களும் ஒரே ஒழுங்கில் இருக்கின்றன. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைக் கையாளத் தயங்குவதில்லை.

இந்த அறிவிப்பு முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. படிவத்தின் கேள்விகளும் பொத்தான்களின் பெயர்களும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மொழிக் கோப்புகளில் வைக்கப்படுவதால், நிரலைத் தொடாமலே அவற்றை எந்த மொழிக்கும் பெயர்க்கலாம். ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஒரு செருகுநிரலைத் தமிழில் பயன்படுத்த விரும்பும் அமைப்பு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு அதைச் செய்துகொள்ள முடியும். அதற்கு நிரலாளரின் தயவு தேவையில்லை.

நிறுவும் வேலையிலும் இதே அக்கறை வேண்டும். லியோ ஃபையர் 2006-இல் டைப்போலைட் என்ற பெயரில் வெளியிட்டு 2010-இல் பெயர் மாற்றம் பெற்ற கொன்டாவோ, தன் 4-ஆம் பதிப்பில் நிரலாளர்கள் பயன்படுத்தும் நவீனத் தொகுப்புக் கருவிகளுக்கு மாறியது. அந்தக் கருவிகள் கட்டளை வரியில் இயங்குபவை. சார்புகளைக் கணக்கிட அவை எடுத்துக்கொள்ளும் நினைவகம், குறைந்த வாடகைப் பகிர்வு சர்வர்களில் கிடைக்காத அளவுக்கு மிகுதி. தொழில்முறையாளருக்கு நன்மையான இந்த மாற்றம், சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தளம் நடத்தியவர்களை வெளியே தள்ளிவிடக்கூடியதாக இருந்தது. இதற்கு விடையாக, ஒரே கோப்பாகச் சர்வரில் ஏற்றி உலாவியில் திறக்கும் கொன்டாவோ மேலாளர் உருவாக்கப்பட்டது. செருகுநிரலைத் தேடவும் சேர்க்கவும் புதுப்பிக்கவும் அதில் பொத்தான்கள் உண்டு. கடினமான சார்புக் கணக்கீட்டைப் பயனாளரின் சர்வருக்குப் பதிலாகத் திட்டத்தினர் நடத்தும் தனிச் சேவை செய்து விடையை மட்டும் அனுப்புகிறது. பயனாளரின் அறியாமையைக் குறையாகக் கருதாமல் சுமையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்ட இந்தச் செயல், மென்பொருள் சமூகங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரி.

நம்பிக்கையின் எல்லை

வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் ஷோப்பிங்கன் என்னும் சிற்றூரில் 2000-இல் தொடங்கிய ஷாப்வேர் நிறுவனம், இணையக் கடைகளுக்கான மென்பொருளை உருவாக்குகிறது. அதன் 6-ஆம் பதிப்பின் வார்ப்புருக்கள் பெயரிடப்பட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு செருகுநிரல் முழு வார்ப்புருவையும் நகலெடுத்துத் திருத்தாமல், தனக்குத் தேவையான பகுதியை மட்டும் பெயர் சொல்லி எடுத்து, அதற்கு முன்னோ பின்னோ தன் பங்கைச் சேர்க்கலாம். விலை காட்டும் பகுதியை ஒரு செருகுநிரலும் கையிருப்பைக் காட்டும் பகுதியை மற்றொன்றும் மாற்றும்போது இரண்டும் இணைந்து வாழ்கின்றன. கடை உரிமையாளரோ, செருகுநிரல்கள் தரும் உறுப்புகளை இழுத்து வைத்துப் பக்கங்களை அமைக்கும் காட்சிவழிக் கருவியைப் பயன்படுத்துகிறார்.

ஷாப்வேரில் செருகுநிரல் கடையின் சர்வருக்குள்ளேயே, கடையின் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட செருகுநிரலில் உள்ள ஒரு பிழைகூடக் கடையை முழுவதுமாக நிறுத்திவிடலாம். தீய நோக்கம் கொண்டதானால் வாடிக்கையாளர் விவரங்கள் அனைத்தும் அதன் கைக்குள் வரலாம். 2011-இல் உலகெங்கும் ஏராளமான வேர்டுபிரஸ் தளங்கள் தாக்கப்பட்டதற்குக் காரணமான டிம்தம்ப் என்னும் படச் சுருக்க நிரல், விலைக்கும் இலவசமாகவும் பரவிய வார்ப்புருத் தொகுப்புகளுக்குள் பொதிந்தே வந்தது. தம் தளத்தில் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தோற்றத்துக்காக வாங்கிய பொருளுக்குள் இயங்கும் நிரல் ஒளிந்திருக்க இடமளித்ததே அந்த நிகழ்வின் மூலக் குறை.

ஷாப்வேர் பின்னர் கொண்டுவந்த 'ஆப்' முறை இந்த எல்லையை மறுபடி வரைந்தது. இதில் வெளியாரின் நிரல் அவர்களது சொந்தச் சர்வரிலேயே இயங்கி, கையொப்பமிட்ட செய்திகளின் வழியாக மட்டும் கடையோடு பேசுகிறது. எந்த விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நிறுவும்போது கடை உரிமையாளர் அந்தப் பட்டியலைக் கண்டு இசைவு தர வேண்டும். நிரலை ஆராய இயலாதவருக்கும் "இந்தச் செயலி வாடிக்கையாளர் முகவரிகளைக் கேட்கிறது" என்ற வாக்கியம் புரியும். தொழில்நுட்ப முடிவொன்று, எவரும் எடுக்கக்கூடிய நம்பிக்கை முடிவாக இங்கே மாற்றப்படுகிறது.

காலத்துக்கு அளிக்கும் வாக்குறுதி

திறப்புகளை வகுப்பதோடு பணி முடிவதில்லை. அவை எவ்வளவு காலம் மாறாமல் இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டைப்போ3 சமூகம் இதைக் கடினமான வழியில் கற்றது. 2008-இல் பெர்லினில் கூடிய அதன் நிரலாளர்கள், பழைய 4-ஆம் வரிசையைத் தொடர்ந்து காக்கும் அதே வேளையில் முற்றிலும் புதிதாக எழுதப்படும் 5-ஆம் பதிப்பையும் உருவாக்குவதென்று அறிக்கை வெளியிட்டனர். ஆயிரக்கணக்கான செருகுநிரல்களும் அவற்றை நம்பிய நிறுவனங்களும் பழைய வரிசையில் வேரூன்றி நின்றன. புதியது வேறொரு உலகமாக வளர்ந்தது. பழைய வரிசை 5-ஐத் தாண்டி 2012-இல் நேராக 6.0 என வெளிவந்தது. புதியது 2013-இன் இறுதியில் நியோஸ் என்ற பெயரில் வெளிவந்து, 2015-இல் தனித் திட்டமாகப் பிரிந்தது. ஒரு மென்பொருளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் அதைச் சுற்றி வளர்ந்த செருகுநிரல்களுக்கு அடிப்படை நிரலுக்கு நிகரான எடை உண்டு என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

இன்றைய டைப்போ3 ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது. ஏறத்தாழ 18 மாதங்களுக்கு ஒருமுறை முதன்மைப் பதிப்பு வருகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றும் 3 ஆண்டுகள் இலவசமாகப் பராமரிக்கப்படுகிறது. ஒரு திறப்பை நீக்க வேண்டுமானால், முதலில் ஒரு பதிப்பில் அது வழக்கொழியப் போவதாக அறிவித்து, அடுத்த முதன்மைப் பதிப்பில்தான் நீக்குகிறார்கள். 9-ஆம் பதிப்பிலிருந்து வரும் சோதனைக் கருவி, தளத்தில் உள்ள செருகுநிரல்களில் எவை வழக்கொழிந்த திறப்புகளைப் பயன்படுத்துகின்றன என்பதை வருடிப் பட்டியலிடுகிறது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை நிதி ஒதுக்கும் நகராட்சிக்கு, வரப்போகும் செலவை முன்கூட்டி அறிய இது உதவுகிறது.

சட்டம் கேட்கும் கேள்வி

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தபின், செருகுநிரல் வடிவமைப்பு சட்டத்தின் பார்வைக்குள்ளும் வந்துவிட்டது. 2022 ஜனவரி 20 அன்று மியூனிக் முதலாம் மாநில நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குத் தெளிவான சான்று. ஒரு தளம் கூகுளின் எழுத்துருக்களை நேரடியாகக் கூகுள் சர்வரிலிருந்து இறக்கியதால், பார்வையாளரின் இணைய முகவரி எண் அவரது இசைவின்றி அந்நிறுவனத்துக்குச் சென்றது தவறு என்று கூறி, அவருக்கு 100 யூரோ இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் தள உரிமையாளர்கள் பலருக்கு இழப்பீடு கேட்கும் எச்சரிக்கைக் கடிதங்கள் குவிந்தன. இத்தகைய எழுத்துரு இணைப்புகளை வார்ப்புருக்களும் செருகுநிரல்களும் கேட்காமலே சேர்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. அவற்றை எழுதியவர் வேறொருவர். சட்டத்தின் முன் பொறுப்பேற்றவரோ நிரல் அறியாத தள உரிமையாளர்.

அணுகல் உரிமையிலும் இதே நிலை. பார்வைக் குறையுடையோர் திரைவாசிப்பான் கருவியால் படிக்கும்படி அரசுத் தளங்கள் அமைய வேண்டும் என்ற ஜெர்மன் ஆணை 2002-இலேயே வந்தது, 2011-இல் விரிவுபடுத்தப்பட்டது. 2025 ஜூன் 28 முதல், மிகச் சிறிய சேவை நிறுவனங்கள் நீங்கலாக, இணையக் கடைகளுக்கும் இந்தக் கடமை சட்டத்தால் விரிந்துள்ளது. படத்துக்கு மாற்று விளக்கம் எழுதும் புலத்தை ஒரு செருகுநிரல் படிவத்தில் வைக்காவிட்டால், எவ்வளவு அக்கறையுள்ள பணியாளராலும் அந்த விளக்கத்தைத் தர இயலாது. ஆகவே செருகுநிரல் எந்த வெளிச் சர்வரோடு பேசுகிறது, எந்தத் தரவை அனுப்புகிறது, அணுகல் விதிகளை எந்த அளவு நிறைவேற்றுகிறது என்பவையும் பதிப்பு எண்ணையும் சார்புகளையும் போலவே கட்டாய அறிவிப்புகளாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு எட்டும் பாடம்

தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாக இணையதளங்கள் தேசியத் தகவல் மையத்தின் எஸ்3வாஸ் என்னும் பொதுச் சேவையின் வார்ப்புருக்களில் இயங்குகின்றன. பள்ளிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், தமிழ் அமைப்புகளும், புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ்ப் பள்ளிகளும் இவ்வாறே ஆயத்த வார்ப்புருக்களையும் செருகுநிரல்களையும் நம்பி நடக்கின்றன. எனவே ஜெர்மனியின் அனுபவம் இங்கும் நேரடியாகப் பொருந்தும். ஒரு தளத்துக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள், எத்தனை செருகுநிரல்கள் கிடைக்கின்றன என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன: திறப்புகளுக்குப் பெயரும் வரையறையும் உண்டா, எதுவும் செய்யாமல் விட்டால் கிடைக்கும் இயல்பு நிலை பாதுகாப்பானதா, ஒவ்வொரு செருகுநிரலும் தனக்கு வேண்டிய அனுமதிகளைப் புரியும் மொழியில் சொல்கிறதா, படிவங்களைத் தமிழாக்க வழி இருக்கிறதா, ஆதரவு எந்த ஆண்டு வரை நீடிக்கும் என்ற உறுதி எழுத்தில் உள்ளதா.

செருகுநிரல் முறையின் பெருமையை நிரலாளர்கள் வழக்கமாக அதன் ஆற்றலால் அளக்கிறார்கள். நிரல் அறியாதவரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அளவுகோல் மாறுகிறது: தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இயலாத ஒருவரின் தலையில் அந்தத் தவறின் விளைவு விழாதபடி காப்பதே முதல் தகுதியாகிறது. கட்டுப்படுத்தப்பட்ட வார்ப்புரு மொழியும், பெயரிட்ட திறப்புகளும், தானாக வரையப்படும் படிவங்களும், முன்னறிவித்த நீக்கங்களும் நிரலாளருக்குக் கூடுதல் உழைப்பைத் தருபவை என்பது உண்மை. அந்த உழைப்பை அறிந்தவர் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அறியாத ஆயிரம் பேர் அதை ஒவ்வொரு நாளும் சுமக்க வேண்டியதில்லை. பொது நிறுவனங்களின் குரல் இணையத்தின் வழியாகவே மக்களைச் சேரும் காலத்தில், இந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மென்பொருளை வடிவமைப்பவர்களே என்ற விடையைத் தவிர வேறு நேர்மையான விடை இல்லை.